பூட்ஸ் தொங்கும் முகடு

ஜேபெஸ் ட்ரஸ்காட் மூன்றாம் முறை செத்துத் திரும்பிய கோடையில்தான் ஸில்ஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தான். சாகிறதும் வருகிறதுமாக இருக்கிற ஆளை நம்பிக் குடித்தனம் போடுவது எப்படி என்று அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையும் நேராக அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதால், இவன் எங்கே போனாலும் வந்துவிடுகிற ரகம் என்று முடிவு செய்து சம்மதித்தாள். டோல்மன் துறையில் கரையில் இருக்கிற புருஷர்கள் பலரைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

டோல்மன் துறை மெய்ன் மாநிலத்தின் வடக்கே, சாட்லர் ஆற்றங்கரையில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வெட்டிக் குவித்த பைன் கட்டைகளைப் பனி உடைந்ததும் ஆற்றில் உருட்டிவிட்டு, ஆணி பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தக் கட்டைகள் மேலேயே ஓடி, கொக்கித் தடியால் நெம்பி, கீழே இருக்கிற அறுவை ஆலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் ஆண்களின் வேலை. வருடத்துக்கு ஒருவராவது கால் தவறி உள்ளே போவார். எங்கள் ஆறு ஆளை வைத்துக்கொண்டு பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடும். கரை ஒதுங்கிய பூட்ஸின் கயிற்றை முடிந்து, பக்கத்தில் நிற்கிற பைன் மரத்தில் மாட்டி, தொப்பியைக் கழற்றிச் சற்று நின்றுவிட்டு, மறுபடி கட்டைமேல் ஏறுவார்கள். அதற்கு மேல் கல்லறை என்று ஒன்றும் கிடையாது. பூட்ஸ் மாட்டிய மரத்தை யாரும் வெட்டமாட்டார்கள். மாட்டிய பூட்ஸை யாரும் இறக்கமாட்டார்கள். இந்த இரண்டையும் பத்துக் கட்டளைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கட்டளைகளையாவது சனிக்கிழமை சாயங்காலங்களில் கொஞ்சம் வளைப்பதுண்டு.

ஜேபெஸ் அந்த நாட்களில் அவ்வளவு பெரிய ஆள், மாட்டுக் கொட்டகையின் பெரிய கதவைத் தவிர ஊரில் வேறு எந்தக் கதவு வழியாகவும் நுழைய முடியாது. தேவாலயத்துக்கு வெளியே நின்றுகொண்டு, மேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பிரசங்கம் கேட்பான். ஆமென் சொல்லும்போது மட்டும் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வான், கண்ணாடி விலை அதிகம். ஆற்றில் கட்டைகள் சிக்கி அடைத்துக்கொண்டால் மற்ற ஊர்களில் வெடிமருந்து வைப்பார்கள். எங்கள் ஊரில் ஜேபெஸ் கொஞ்சம் மேலே போய் ஆற்றின் நடுவில் உட்காருவான். தண்ணீர் அவன் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போகும். அவன் அவசரமில்லாமல் ஒரு குழாய் புகையிலை பிடித்து முடித்துவிட்டு எழுந்திருப்பான். அடைப்பு, கட்டை, சிலசமயம் கரையில் காயப்போட்ட துணிகள் எல்லாம் சேர்ந்து ஆலைக்குப் போய்விடும். பெண்கள் திட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆலை வரைக்கும் நடந்துபோய்த் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பான்.

முதல் தடவை அவன் செத்தது சட்டித் திருப்பம் என்கிற ஆற்று வளைவில். உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது ஒரு கட்டை மலை அவன் மேல் சரிந்தது. சாயங்காலம் பூட்ஸ் மிதந்து வந்தது. இரண்டு எருதுகளின் தோலில் தைத்த பூட்ஸ். அதை மரத்தில் ஏற்றக் குதிரைகளைப் பூட்டி இழுக்க வேண்டியிருந்தது. மறு வாரம் ஆட்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, குழியில் புதைத்து வேகவைத்த பீன்ஸைத் தின்றுகொண்டிருந்தபோது, கீழ்ப்பாதையில் ஜேபெஸ் வெறுங்காலோடு நடந்து வந்தான். கட்டை ஓட்டத்துக்குத் தலைவர் கேப்டன் நேஹம் ஸ்ப்ரேக். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“செத்துட்டன்னு நெனச்சோம்” என்றார்.

“செத்துத்தான் போனேன்.”

“கீழ என்ன இருக்கு?”

“தண்ணி.”

“சரி, தட்டு எடுத்துக்க. பூட்ஸ் மரத்துல இருக்கு.”

மரத்தில் இருந்தால் இருந்ததுதான். ஜேபெஸே எத்தனையோ பேருடைய பூட்ஸை மாட்டியவன். ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல் புதிதாகத் தைத்துக்கொண்டான். பழைய பூட்ஸ் ஒன்றுக்குள் அந்தக் குளிர்காலம் ஒரு கரடி தூங்கியது. அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஸில்ஃபாதான் முதலில் கவனித்தாள். அவனுடைய பழைய சட்டைகள் தொளதொளத்தன. ஒவ்வொரு சாவுக்கும் ஆள் கொஞ்சம் குறைந்து வருகிறான். கேட்டதற்கு, ஆறு சும்மா விடுமா, கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் விடும் என்று சுங்கச்சாவடியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அப்படியென்றால் இனி ஆற்றுப் பக்கம் போகவேண்டாம் என்றாள். அவனும் கேட்டுக்கொண்டான். முகட்டின் அடிவாரத்தில் இடம் வாங்கி உருளைக்கிழங்கு போட்டார்கள். ஏர் தேவைப்படவில்லை, ஜேபெஸ் குதிகாலை ஊன்றி வயலை ஒரு நடை நடந்தால் சால் விழுந்துவிடும். சில வருடங்கள் இப்படிப் போயின. அந்த வருடங்களில் ஆற்றுக்குள் போனவர்கள் போனவர்களாகவே இருந்தார்கள். திரும்பி வருகிற வழக்கம் ஜேபெஸுக்கு மட்டும்தான் இருந்தது.

பிறகு கீழாற்று மரக் கம்பெனி முகட்டை வாங்கியது. முகடு என்பது ஊருக்கு வடக்கே எழுந்து நிற்கிற மலைச்சரிவு. நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பைன்கள் அதில் நின்றன. ஊரில் யாருக்கும் அது சொந்தமில்லை, ஆனால் ஊர் அதன் மடியில்தான் இருந்தது. ஆற்றின் மேலே ஸ்டோவெல் என்று ஓர் ஊர் இருந்தது. அதன் மலையைக் கம்பெனி மொட்டையடித்து இரண்டாவது வசந்தத்தில், உருகின பனியும் மண்ணும் ஒன்றாக இறங்கி ஊரை மூடிவிட்டன. தேவாலயக் கோபுரம் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. மாடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும். முகட்டை வெட்டினால் டோல்மன் துறைக்கும் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனியின் காரியஸ்தர் ஆரின் பெட்டிங்கிலுக்கும் தெரிந்திருக்கலாம். அவர் மரியாதையான மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தருகிறோம் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொப்பியைக் கழற்றி நின்று சொன்னார்.

வெட்டத் தொடங்கிய முதல் நாளே, கம்பெனி கூலிக்கு வைத்த உள்ளூர் ஆட்கள் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜேபெஸின் மூன்றாவது சாவில் வெள்ளம் மலையடி வரை ஏறியிருந்ததால் அந்தப் பூட்ஸ் முகட்டின் கீழ் வரிசையில் தொங்கியது. அந்த மரத்தைத் தொடமாட்டார்கள். பக்கத்து மரங்கள் விழுந்தால் அதன்மேல் பட்டுவிடும் என்பதால் அவற்றையும் தொடவில்லை. ஜேபெஸ் உருளைக்கிழங்கு வயலில் நின்று அதைப் பார்த்தான். ஒரு ஜோடி பூட்ஸுக்கு எத்தனை மரம் தப்பியது என்று எண்ணினான். பனி உடைந்ததும் கொக்கித் தடியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான்.

அந்த வசந்தத்தில் அவன் பல தடவை செத்தான். ஒவ்வொரு தடவையும் கேப்டன் நேஹம் பூட்ஸை வண்டியில் ஏற்றி முகட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினார். பக்கத்து மரத்தில்தானே மாட்ட வேண்டும், ஆறு எங்கே முகடு எங்கே என்று பெட்டிங்கில் கேட்டார். இந்த வருடம் ஆற்றோரத்தில் நல்ல மரமாக ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்பெனி வெட்டிவிட்டது, இருப்பதில் பக்கம் இதுதான் என்றார் கேப்டன். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. அடுத்த வசந்தத்திலும் அப்படியே. முகட்டில் ஏறக்குறையப் பாதிக்குப் பூட்ஸ் ஏறியது. கீழ் வரிசையில் தொங்கியவை தோணி அளவு. மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டு வந்தன.

பெட்டிங்கில் உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு கனடாவிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்தார். பிரெஞ்சு பேசுகிறவர்கள், கோடாலியில் கெட்டிக்காரர்கள். அவர்கள் முகட்டில் ஏறினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டார்கள், அங்கேயே தேநீர் போட்டுக் குடித்துவிட்டு இறங்கினார்கள். அவர்கள் ஊர் ஆறுகளிலும் இதே வழக்கம்தான். பெட்டிங்கில் கோபப்படவில்லை. அந்தக் கூட்டத்தின் மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பூட்ஸுக்குச் சொந்தக்காரன் அதோ கீழ கிழங்கு தோண்டிட்டிருக்கானே, தெரியலியா?”

மேஸ்திரி பார்த்தார். “தெரியுது முதலாளி. நல்ல ஆளு, பாவம். எப்பிடிச் செத்தான்?”

குளிர்காலம் வந்தபோது ஜேபெஸ் ஸில்ஃபாவின் உயரத்துக்கு வந்திருந்தான். வீட்டுக் கதவு வழியாகவே உள்ளே வந்தான், குனியாமல். கடைசித் தடவை திரும்பியபோது அவனுக்குக் குளிர் எடுத்தது. பிறந்ததிலிருந்து அவனுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. அடுப்போரம் உட்கார்ந்து பற்கள் அடித்துக்கொள்வதை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தான். ஸில்ஃபா வீட்டில் இருக்கிற கம்பளியையெல்லாம் அவன் மேல் போர்த்தினாள். முகட்டின் மேல் பாதி மரங்கள் இன்னும் பூட்ஸ் இல்லாமல்தான் நின்றன. பனி உடைந்ததும் மறுபடி போவான் என்று அவளுக்குத் தெரியும்.

“இன்னொரு தடவ போனா, திரும்பி வர்றதுக்கு உங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?” என்றாள்.

“இருக்கிறதக் கொண்டு வர்றேன்.”

“பட்டாணி அளவுக்கு வந்து நின்னா என்ன பண்ணட்டும்? சட்டையில பொத்தானா தச்சுக்கவா?”

“ஸ்டோவெல்லப் பாத்தியா, ஸில்ஃபா?”

“பாத்தேன். உன்னையும்தான் பாக்கறேன். அந்த முகடு உனக்கு மட்டும்தான் தலைக்கு மேல நிக்குதா? ஊர்ல வேற எவனுக்கும் பூட்ஸ் இல்லியா?”

“அவங்க போனா வரமாட்டாங்க.”

“இந்தத் தடவ நீயும் வரமாட்ட. பேசாம சூப்பக் குடி.”

மார்ச் மாதம் ஊர்க் கூட்டம். எங்கள் பக்கத்தில் எந்த ஊரையும் ஆளுவது அந்த ஒரு நாள் கூட்டம்தான். வரி கட்டுகிற ஆண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, சாலைக்கு மண் கொட்டுவது முதல் ஊர் மேயும் பன்றிகளைப் பிடிக்க ஆள் நியமிப்பது வரை கைதூக்கி முடிவு செய்வார்கள். கைதூக்கி முடிவானது முடிவானதுதான். ஆளுநரே வந்தாலும் மாற்ற முடியாது. பெண்கள் பின்னால் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வார்கள். மனைவிக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது, அவளுக்காகப் புருஷன் பேசுவான். விதவை மட்டும் ஓட்டுப் போடாவிட்டாலும் எழுந்து பேசலாம், ஒரு வீட்டை அவள் தனியாக நடத்துவதால். பெட்டிங்கில் வெளியூர்க்காரர் என்றாலும் கம்பெனியின் நிலத்துக்கு வரி கட்டுகிறவர் என்பதால் அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. அவர் இரண்டு வருடமாக எங்களைக் கவனித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். நாங்கள் ஆற்றங்கரையில் எவ்வளவு கதையும் விடுவோம், ஆனால் கூட்டத்தில் கைதூக்கிப் பொய் சொல்லமாட்டோம். ஆகவே கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் பன்றிகளுக்கு அடுத்ததாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: ஜேபெஸ் ட்ரஸ்காட் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது.

கேப்டன் நேஹம்தான் கூட்டத் தலைவர். பெட்டிங்கில் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

“இந்தக் கூட்டம் யாரச் செத்தவங்கன்னு சொல்லுதோ, அவங்க பூட்ஸுக்குக் கம்பெனி என்னிக்கும் மரியாத குடுக்கும். யார உயிரோட இருக்காங்கன்னு சொல்லுதோ, அவங்க பூட்ஸ் கீழ வந்துடணும். இத எழுதியே தர்றேன். மிஸ்டர் ட்ரஸ்காட் அதோ மூணாவது பெஞ்சுல டோனட் தின்னுட்டிருக்கார்.”

ஜேபெஸ் தின்பதை நிறுத்தினான். கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேப்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜேபெஸ், நீ எப்பவாவது செத்தியா?”

“பல தடவ செத்திருக்கேன் கேப்டன்.”

“பூட்ஸ மாட்டினது யாரு?”

“நீங்கதான்.”

“இதுல பொய் ஒண்ணும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. செத்தவர்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

கைகள் எழுந்தன. ஜேபெஸும் தூக்கினான். செத்தவன் கை தூக்குவது முறையல்ல என்று பெட்டிங்கில் எதிர்த்தார். அது நியாயம் என்று கேப்டன் அந்த ஒரு கையைக் கழித்துவிட்டார். ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் ஆதரவு. ஜேபெஸ் ட்ரஸ்காட் செத்தவன் என்று முடிவாயிற்று. பெட்டிங்கில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பாதி முகடு போனால் போகட்டும், மேல் பாதி இருக்கிறது, இனி செத்தவன் மறுபடி சாக முடியாது என்று அவர் உட்காரப்போன நேரத்தில், பின்னால் பீன்ஸ் பானைக்குப் பக்கத்திலிருந்து ஸில்ஃபா எழுந்து முன்னால் வந்தாள். மனைவிக்கு இங்கே வாய் கிடையாதே என்றார் பெட்டிங்கில், மிகவும் பணிவாக.

“என் புருஷன் செத்துட்டாரு. இப்பத்தான் நீங்க எல்லாருமாச் சேர்ந்து சொன்னீங்க” என்றாள் ஸில்ஃபா. “நான் விதவ. பேசலாமா கேப்டன்?”

“பேசும்மா. துக்கம் விசாரிக்க நேரமில்ல, மன்னிச்சுக்க.”

“மேல் பாதிய வெட்டினாலும் மல இறங்கும். இறங்கினா இந்தக் கூடத்துல இருக்கிற ஒருத்தரும் மிஞ்சமாட்டோம். அப்பிடிப் பாத்தா நாம எல்லாரும் செத்தவங்கதான், பொதைக்கிறதுதான் பாக்கி. நான் காத்திருந்து சாகறதா இல்ல. ஸில்ஃபா ட்ரஸ்காட் செத்துட்டான்னு இந்தக் கூட்டம் முடிவு பண்ணணும்.”

சொல்லிவிட்டுக் குனிந்து பூட்ஸைக் கழற்றி, கயிறுகளை ஒன்றாக முடிந்து, தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஜேபெஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைகள் எழுந்தன. முதலில் மெதுவாக, பிறகு எல்லாம் ஒன்றாக. ஸில்ஃபா செத்தாள். அவளுக்குப் பின்னால் சமையல் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, புருஷர்கள் அவர்களுக்காகப் பேச, செத்தார்கள். சிலர் கையில் கரண்டி இருந்தது. பிறகு ஆண்கள் எழுந்தார்கள். போதகர் மட்டும் தயங்கினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய வேண்டுமே என்றார். “செத்தவங்களுக்குத்தான செய்யப் போறீங்க, நல்லாத் தூங்குவாங்க” என்று யாரோ சொன்னார்கள். அவரும் பூட்ஸைக் கழற்றினார்.

ஆண்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக ஓட்டுப் போடுகிற கைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் கொல்லன் அமாசா ரிங் எழுந்தபோது, கூடத்தில் அவனையும் பெட்டிங்கிலையும் தவிர ஓட்டுப் போட உயிருள்ளவர் யாரும் இல்லை. அமாசா தன் சாவுக்கு ஆதரவாகக் கை தூக்கினான், பெட்டிங்கில் எதிர்த்துத் தூக்கினார். ஓட்டுச் சமமாக நின்றால் தலைவர் தீர்க்க வேண்டும் என்பது விதி. கேப்டன் தீர்த்தார், அமாசா செத்தான். மிஞ்சியது கேப்டன் ஒருவர்தான். தலைவர் தன் விஷயத்தில் தானே ஓட்டுப் போடக்கூடாது. பெட்டிங்கில் எதிர்த்து ஒற்றைக் கையைத் தூக்கினார். அப்படியாக ஒரே ஓட்டில் கேப்டன் நேஹம் ஸ்ப்ரேக் உயிரோடு இருக்கும்படி ஆயிற்று. அவருக்கு அது பெரிய வருத்தம்.

மதிய வெயிலில் ஊர் முழுக்க வெறுங்காலோடு பனியில் நடந்து முகட்டுக்குப் போனது. மேல் வரிசை மரங்களில் ஆணி பூட்ஸ், மாட்டுக் கொட்டகை பூட்ஸ், பெண்களின் பொத்தான் பூட்ஸ் எல்லாம் ஏறின. ஜேபெஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஸில்ஃபா உச்சிக் கிளையில் தன்னுடையதை மாட்டிவிட்டு இறங்கி வந்து, அவன் கால்களைப் பார்த்தாள். “குளுருதா?” என்று கேட்டாள். இல்லை என்றான். அவளுக்கும் குளிரவில்லை. யாருக்குமே குளிரவில்லை. பாதங்களுக்கு அடியில் பனி வெதுவெதுப்பாக, புதிதாகக் கறந்த பால்போல இருந்தது. பெட்டிங்கில் கீழே பாதையில் நின்று தொப்பியைக் கழற்றினார். சற்று நின்றுவிட்டு வண்டியில் ஏறினார்.

அதிலிருந்து டோல்மன் துறையில் கேப்டனைத் தவிர யாரும் பூட்ஸ் போடுவதில்லை. மே மாதத்துக் கறுப்பு ஈக்கள் எங்களைக் கடிப்பதில்லை, அவற்றுக்கு உயிருள்ள ரத்தம்தான் பிடிக்கும். ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கேப்டன் ஒருவரையே கடித்தன. உயிரோடு இருக்கிற ஒரே ஆள் என்பதால் வருடா வருடம் எல்லாப் பதவிகளுக்கும், பன்றி பிடிப்பதற்கும் சேர்த்து, அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜேபெஸ் அதற்கு மேல் சிறுக்கவில்லை. செத்தவனிடம் ஆறு எதை எடுப்பது? அவனும் ஸில்ஃபாவும் கிழங்கு போட்டார்கள், மூன்று பெண்களைப் பெற்றார்கள். அந்தப் பெண்கள் வயது வந்ததும் மார்ச் கூட்டத்தில் எழுந்து பூட்ஸைக் கழற்றினார்கள். இன்றைக்கும் வயது வந்த ஒவ்வொருவரையும் கூட்டம் கேட்கிறது. மாட்டேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பல வருடம் கழித்துக் கம்பெனி வேறு கைக்கு மாறியபோது, புதிய முதலாளிகள் ஓர் இளைஞரை அனுப்பினார்கள். அவருக்குக் கேப்டன் வீட்டைக் காட்டினார்கள்.

“முகட்டு மரத்தப் பத்திப் பேசணும். ஊர்ல யாரப் பாக்கணும்?” என்றார் வந்தவர், கழுத்தில் ஈயை அடித்துக்கொண்டு.

“உயிரோட இருக்கிறவன் நான் ஒருத்தன்தான்” என்றார் கேப்டன். “ஆனா மரம் என்னோடதில்ல. செத்தவங்களோடது. அதோ கிழங்கு தோண்டறாங்க பாருங்க, அவங்ககிட்டக் கேளுங்க.”

வந்தவர் வயலோரம் நின்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். ஜேபெஸ் தோண்டினான், ஸில்ஃபா பொறுக்கிக் கூடையில் போட்டாள். செத்தவர்கள் பதில் சொல்வதில்லை என்பது அவருக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அடுத்த வசந்தத்திலும் முகட்டுப் பனி உருகியது. வேர்களுக்கு நடுவே வழி தேடி மெதுவாக இறங்கி, ஊர்க் கிணறுகளை நிரப்பிவிட்டு ஆற்றுக்குப் போயிற்று.